மதிப்பெண் வந்த பிறகு

(நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விளையாட்டு நாளன்று, பரிசளிப்புக்கு முன் கிளப் ஹவுஸில் ஆற்றிய உரை. செய்திமடலுக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)



மேஜைமேல் கோப்பைகள் வரிசையாக இருக்கின்றன. பிள்ளைகளின் கண்ணெல்லாம் அங்கேதான். பின்பக்கம் சமோசா வாசனை வேறு வருகிறது. இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்தி, "இருபது நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். விளையாட்டு நாளில் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது நமக்கெல்லாம் மனப்பாடம். உழைத்தால் வெல்லலாம், தோல்வியே வெற்றியின் முதல் படி. அதை நான் மறுபடியும் சொல்லப்போவதில்லை. ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை.

இந்தக் கதையை நான் தேர்ந்தெடுத்ததற்கு நம் ஸ்டில்ட் பார்க்கிங்தான் காரணம். சனி, ஞாயிறு காலையில் அங்கே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ரோலர் ஸ்கேட்டிங் பழகுகிறார்கள். ஹெல்மெட், முழங்கால் கவசம், முழங்கைக் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு, கார்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறார்கள். பெற்றோர் தூண் ஓரமாக நின்று பார்க்கிறார்கள். பிள்ளை தடுமாறினால் நாலு பேர் ஓடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வரும். அவளும் ஸ்கேட்டிங் செய்தவள். ஆனால் பனித்தரையில், ஹெல்மெட் இல்லாமல், கவசம் இல்லாமல், வீட்டிலிருந்து வெகுதூரத்தில்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஃபிகர் ஸ்கேட்டிங் என்பது பனித்தரையில், காலில் கத்திபோல் மெல்லிய இரும்பு வைத்த காலணி மாட்டிக்கொண்டு, இசைக்கு ஏற்பச் சுழன்றும் குதித்தும் ஆடுவது. டிவியில் பார்த்திருப்பீர்கள். தனியாக ஆடுவது ஒரு பிரிவு. ஜோடியாக ஆடுவது இன்னொரு பிரிவு. ஜோடி என்றால் ஓர் ஆண், ஒரு பெண். இந்த ஜோடிப் பிரிவைத்தான் பனியில் நடக்கும் போட்டிகளிலேயே அதிகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியது என்று நான் நினைக்கிறேன்.

ஏன் என்றால், அந்தப் பையன் அந்தப் பெண்ணைத் தலைக்குமேல் தூக்குவான். கை முழுக்க நீண்டிருக்கும். தூக்கியபடியே பனியில் வேகமாகச் சுழன்றுகொண்டு போவான். அவள் அங்கே, மேலே, சிரித்த முகத்தோடு கைகளை விரித்தபடி இருப்பாள். இன்னொன்று, எறிந்து குதிப்பது. அவன் அவளை இடுப்பைப் பிடித்துக் காற்றில் எறிவான். அவள் இரண்டோ மூன்றோ முறை காற்றிலேயே சுழன்று, தொலைவில், ஒற்றைக் காலில், பின்னோக்கிச் சறுக்கியபடி இறங்க வேண்டும். எறிவது வரைக்கும்தான் அவன் துணை. இறங்குவது அவள் தனியாக. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதன் பெயரே டெத் ஸ்பைரல், மரணச் சுழல். அவன் ஒரே இடத்தில் ஊன்றி நிற்க, அவன் கையைப் பிடித்தபடி அவள் உடம்பு பனிக்கு மட்டமாகச் சாய்ந்து, தலைமுடி கிட்டத்தட்டப் பனியைத் தொட, அவனைச் சுற்றி வட்டமிடுவாள்.

இதில் ஒருவர் சறுக்கினால் இரண்டு பேருக்கும் அடி. ஒருவர் விழுந்தால் ஒரு புள்ளி கழியும், இருவரும் விழுந்தால் இரண்டு. விழுந்த வலி புள்ளிக் கணக்கில் வராது. எழுந்து, இசை எங்கே போய்விட்டது என்று பிடித்து, சிரிப்பை மறுபடி முகத்தில் ஒட்டிக்கொண்டு தொடர வேண்டும்.

போட்டி இரண்டு பகுதி. முதலில் குறும் ஆட்டம், சுமார் இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. அதில் முன்னுக்கு வருகிறவர்களுக்கு நீள் ஆட்டம், நாலு நிமிடத்தை ஒட்டி. ஆட்டம் முடிந்ததும் இருவரும் பனியைவிட்டு வெளியே வந்து, பயிற்சியாளரோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண்ணுக்காகக் காத்திருப்பார்கள். அந்த பெஞ்சுக்கு அந்த உலகத்தில் ஒரு பெயர் உண்டு: 'கிஸ் அண்ட் க்ரை'. முத்தமும் அழுகையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் நன்றாக வந்தால் கட்டிப்பிடித்து முத்தம், இல்லையென்றால் அழுகை. இரண்டையும் உலகமே பார்க்கும்படி கேமரா முகத்துக்கு நேராக இருக்கும். இந்த பெஞ்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இங்கேதான் வருவேன்.

இனி கதைக்கு வருவோம். இதில் இரண்டு பேர்.

முதல் ஆள் ஹார்லி வின்ட்சர். 1996-இல் பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து மேற்குப் புறநகர்ப் பையன். ஆஸ்திரேலியப் பூர்வகுடி வம்சத்தில் வந்தவர். வெயிலுக்கும் கடற்கரைக்கும் பெயர்போன நாட்டில், ரக்பி ஆடுகிற வட்டாரத்தில், பனி நடனத்துக்கு ஒரு பையன் எப்படிப் போனான்? ஒருநாள் அவருடைய அம்மா காரில் போகும்போது வழி தவறி, பிளாக்டவுன் என்ற இடத்தில் ஓர் ஐஸ் ரிங்க் பக்கம் போய்ச் சேர்ந்தாராம். பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஒரு தெரு தப்பாகத் திரும்பியதில் ஒரு வாழ்க்கையே திரும்பிவிட்டது.

ஹார்லி ஜோடிப் பிரிவுக்கு ஏற்ற உடல்வாகு கொண்டவர். ஆனால் ஜோடிக்கு ஜோடி வேண்டுமே. ஆஸ்திரேலியாவில் ஸ்கேட்டிங் செய்கிறவர்களே குறைவு. அதிலும் எறிந்து பிடிக்கும் ஆட்டத்துக்குத் துணிந்து வரும் பெண் பிள்ளைகள் இன்னும் குறைவு. நம் ஊரில் ஜாதகம் பார்த்து வரன் தேடுவதைவிட இது கஷ்டம். உயரம் பொருந்த வேண்டும், எடை பொருந்த வேண்டும், குதிக்கும்போது சுழலும் திசை பொருந்த வேண்டும், கடைசியில் குணமும் பொருந்த வேண்டும். அவருடைய பயிற்சியாளர்கள் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்கள் மாஸ்கோ பக்கம் தேட ஆரம்பித்தார்கள்.

ரஷ்யாவில் நிலைமை நேர்மாறு. அங்கே ஜோடிப் பிரிவு ஒரு பாரம்பரியம். திறமையான பெண் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நாட்டு அணியில் இடம் சிலருக்குத்தான். மிச்சம் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? நல்ல துணை கிடைத்தால் வேறு நாட்டுக்கு ஆடப் போவார்கள். இந்த விளையாட்டில் இது சகஜம். ஒரு ஜோடி ஒரு நாட்டுக்காக ஆட, இருவரில் ஒருவர் அந்நாட்டவராக இருந்தால் போதும். ஒலிம்பிக்ஸுக்கு மட்டும் இருவருக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும்.

இரண்டாவது ஆள் அப்படி வந்தவர்தான். எகதெரினா அலெக்ஸாந்த்ரோவ்ஸ்கயா. எல்லாரும் காத்யா என்றுதான் கூப்பிட்டார்கள், நாமும் அப்படியே சொல்வோம். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தவர். மாஸ்கோவில் நினா மோசர் என்று ஒரு பெரிய பயிற்சியாளர் இருந்தார். 2014 சோச்சி ஒலிம்பிக்ஸில் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்றவர்களை உருவாக்கியவர் அவர்தான். அவர் மூலமாகத்தான் 2015 முடிகிற நேரத்தில் ஹார்லியும் காத்யாவும் சேர்ந்தார்கள். அப்போது பையனுக்கு 19. பெண்ணுக்குப் பதினாறு முடியப்போகிற நேரம்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பதினாறு வயது என்றால் நம் வளாகத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. டியூஷனுக்கு ஆட்டோவில் தனியாக அனுப்பவே நாம் நாலுமுறை யோசிக்கிற வயது. அந்த வயதில் அந்தப் பெண் சொந்த ஊர், சொந்த மொழி, தெரிந்த முகங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பூமியின் அடுத்த பக்கத்துக்கு வந்தார். ஆங்கிலம் சரியாக வராது. அவருக்கோ ரஷ்ய மொழி தெரியாது. ஆரம்பத்தில் சைகையும் சில சொற்களும்தான். தன்னைத் தலைக்குமேல் தூக்குகிற ஆளிடம் "இன்றைக்குத் தோள் வலிக்கிறது" என்று சொல்லக்கூட வார்த்தை தேட வேண்டிய நிலை.

ஆனாலும் ஆட்டம் பொருந்திவிட்டது. 2016-17 சீசனில் சர்வதேச ஜூனியர் போட்டிகளுக்கு வந்தார்கள். எஸ்தோனியாவின் தாலின் நகரில் நடந்த ஜூனியர் கிராண்ட் பிரி போட்டியில் தங்கம் வென்றார்கள். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லாரும் யார் இவர்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

2017 மார்ச். தைவானின் தைபே நகரில் உலக ஜூனியர் சாம்பியன்ஷிப். குறும் ஆட்டம் முடிந்தபோது மூன்றாவது இடம். நீள் ஆட்டத்தில் மற்றவர்களைத் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள். உலக ஜூனியர் சாம்பியன்கள்! பெண்ணுக்கு 17, பையனுக்கு 20. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆஸ்திரேலியாவுக்கு உலக ஜூனியர் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பட்டம் இன்னொரு நாட்டுப் பெண்ணும் பூர்வகுடிப் பையனும் சேர்ந்து வாங்கித் தந்தது. மேடையில் ஆஸ்திரேலியத் தேசிய கீதம் ஒலித்தபோது காத்யாவுக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமைகூட இல்லை.

ஜூனியர் என்பதற்கு ஒரு வயதுக் கணக்கு உண்டு. அப்போதைய விதிப்படி, ஜோடிப் பிரிவில் ஆடும் ஆண், சீசனுக்கு முந்தைய ஜூலை 1 அன்று 21 வயதை எட்டியிருக்கக் கூடாது. ஹார்லிக்கு 21 முடிந்தது 2017 ஜூலை 22 அன்று. மூன்று வாரம்! ஜூன் மாதம் பிறந்திருந்தால் தைபேயோடு அவர்களுடைய ஜூனியர் வாழ்க்கை முடிந்திருக்கும். அந்த மூன்று வாரம் அவர்களுக்கு இன்னொரு சீசனைக் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் நகோயாவில் ஜூனியர் கிராண்ட் பிரி இறுதிப் போட்டி. அதிலும் தங்கம்.

ஒரே ஆண்டில் ஜூனியர் பிரிவின் இரண்டு பெரிய பட்டங்களும் கையில். அதற்கிடையே செப்டம்பரில் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப் நகரில் நெபல்ஹார்ன் கோப்பைப் போட்டி. குளிர்கால ஒலிம்பிக்ஸில் மிச்சம் இருந்த இடங்களுக்கான தகுதிப் போட்டி அதுதான். அங்கே பெரியவர்களோடு மோதி ஒலிம்பிக் இடத்தையும் பிடித்தார்கள். அக்டோபரில் காத்யாவுக்குக் குடியுரிமை கிடைத்தது. ஒரு வருஷத்துக்குள் எவ்வளவு நடந்துவிட்டது பாருங்கள்.

பிறகு 2018 பிப்ரவரி. தென் கொரியாவின் பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸ். குளிர்கால ஒலிம்பிக்ஸில் ஆடிய முதல் ஆஸ்திரேலியப் பூர்வகுடி வீரர் என்ற பெருமை ஹார்லிக்கு. காத்யாவுக்கு அப்போதுதான் 18 முடிந்திருந்தது. மொத்தம் 22 ஜோடிகள். பிப்ரவரி 14 அன்று குறும் ஆட்டம். முதல் 16 ஜோடிகளுக்குத்தான் மறுநாள் நீள் ஆட்டம். இவர்களுக்குக் கிடைத்தது 18-ஆவது இடம்.

அவ்வளவுதான். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. ஒலிம்பிக்ஸ் முடிந்துவிட்டது.

இதைத் தோல்வி என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். சேர்ந்து இரண்டு வருஷம் சொச்சம் ஆன ஒரு ஜூனியர் ஜோடி, பத்துப் பதினைந்து வருஷம் ஆடியவர்களோடு நின்றது. ஆனால் அந்தப் பெஞ்சை நினைத்துப் பாருங்கள். முத்தமும் அழுகையும். தைபேயில் அதே மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே பெண். பதினொரு மாதத்துக்கு முன் உலக ஜூனியர் சாம்பியன், இன்றைக்குப் பதினெட்டாவது. மதிப்பெண் திரையில் வருகிறது. பார்க்கிறாள். கேமரா கொஞ்ச நேரம் இருக்கிறது. பிறகு எழுந்து போய்விட வேண்டும். ஏனென்றால் அடுத்த ஜோடி ஆடி முடிக்கப்போகிறது, பெஞ்ச் அவர்களுக்கு வேண்டும்.

ஜூனியரிலிருந்து சீனியருக்குப் போவது எந்த விளையாட்டிலும் ஒரு கண்டம்தான். ஜோடிப் பிரிவில் அது இன்னும் கடினம். பெண் பிள்ளைக்கு உடம்பு வளரும். வளர்ந்தால் தூக்குவதும் எறிவதும் சுழல்வதும் எல்லாமே புதிதாகப் பழக வேண்டும். எதிரே இருப்பவர்கள் பிள்ளைகள் இல்லை. கேட்கிற கேள்வியும் மாறிவிடும். முன்பு "இந்தச் சின்னப் பிள்ளைகள் எவ்வளவு நன்றாக ஆடுகிறார்கள்!" என்றவர்கள் இப்போது "ஜூனியரில் ஜெயித்தார்களே, இங்கே என்ன ஆச்சு?" என்பார்கள். காத்யாவும் ஹார்லியும் ஒலிம்பிக்ஸுக்குப் பிறகும் தொடர்ந்தார்கள். நடுநடுவே காயங்கள் குறுக்கிட்டன.

2020 ஜனவரியில் காத்யாவுக்கு வலிப்பு வந்தது. வலிப்பு நோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஒரு மனிதர் தலைக்குமேல் தூக்கிப்பிடிக்க, காற்றில் எறிய, அதை நம்பி நடக்கிற ஆட்டம். அதில் இந்த நோயோடு இனி இடமில்லை என்பது சொல்லாமலே புரியும். பிப்ரவரியில் ஓய்வு அறிவித்தார். வயது 20. நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற வயதில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

அதற்கு அடுத்து வந்தது கொரோனா காலம். உலகமே வீட்டுக்குள். 2020 ஜூலை 18 அன்று மாஸ்கோவில் காத்யா இறந்துபோனார்.

எப்படி, ஏன் என்று செய்திகள் நிறைய எழுதின. அதற்குள் நான் போக மாட்டேன். இங்கே முன்வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். ஒருவருடைய துயரத்துக்கு வெளியிலிருந்து ஒற்றைக் காரணம் சொல்வது அவருக்குச் செய்கிற அநியாயம் என்பது இன்னொன்று. விளையாட்டுதான் காரணம், பயிற்சிதான் காரணம், பெற்றோர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் புரிந்துகொண்டு யாரும் நாளைக் காலையில் பிள்ளையின் ஸ்கேட்டிங் காலணியைப் பரணில் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

பிறகு ஏன் இந்தக் கதையை இந்த நல்ல நாளில் சொல்ல வேண்டும்? பரிசளிப்பு நாளில் சொல்ல வேண்டிய கதைதான் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் காத்யாவின் பெயரை இன்றைக்கும் எங்கே தேடினாலும் முதலில் வருவது பட்டங்கள். தாலின், தைபே, நகோயா. எல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறது. புள்ளிகள் இரண்டு தசமம் வரைக்கும் இருக்கிறது. ஒரு குதிப்பில் கால் விளிம்பு சரியாக இறங்கியதா என்று நடுவர்கள் வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது இருக்கிறது. அந்தப் பெண் அன்றைக்கு ராத்திரி யாரிடம் பேசினாள், பேச யாராவது இருந்தார்களா, அதற்கு எந்தத் தாளிலும் கட்டம் கிடையாது.

2022-இல் சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் ஒரு முடிவு எடுத்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் 15 வயதுப் பெண் ஒருவர் உலகத்தின் கண்முன் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, தாய்லாந்தின் புக்கெட்டில் கூடி, சீனியர் போட்டிகளுக்குக் குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து 17-ஆகப் படிப்படியாக உயர்த்த வாக்களித்தார்கள். ஆதரவு 100, எதிர்ப்பு 16. நல்ல விதி. வர வேண்டிய விதி. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? காத்யா ஒலிம்பிக்ஸ் ஆடியபோது வயது 18. இந்த விதி அன்றைக்கே இருந்திருந்தாலும் அவரைத் தடுத்திருக்காது, காத்தும் இருக்காது. விதியால் ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்திவைக்க முடியும். உள்ளே போன பிள்ளையோடு கூட இருப்பது மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை.

அதனால் பெற்றோராகிய நம்மிடம் மூன்றே மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, வீட்டைவிட்டுப் போகிற பிள்ளை. நம் வளாகத்திலும் அகாடமி ஹாஸ்டலில் தங்கிப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியூரில் கோச்சிங் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போனில் நாம் என்ன கேட்கிறோம்? "என்ன ரேங்க்? செலக்‌ஷன் என்ன ஆச்சு? சார் என்ன சொன்னார்?" அதற்குள் நம் நேரம் முடிந்துவிடுகிறது. "எங்கேயாவது வலிக்குதா? தூங்கினியா? யாரோட சாப்பிட்ட?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை பிள்ளைக்கே ஆச்சரியமாக இருக்கும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு பதில் வரும். வலிக்கிறது என்று வீட்டில் சொல்லப் பழகிய பிள்ளைதான் வெளியிலும் சொல்லும்.

இரண்டு, விளையாட்டு ஒருநாள் முடியும். எல்லாருக்கும் முடியும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதற்கு முன்பே முடியும். முழங்கால் போகலாம். உயரம் போதாமல் போகலாம். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது என்று நாமே நிறுத்தலாம். அந்த நாள் வரும்போது "விட்டது தொல்லை, இனி ஒழுங்காப் படி" என்று சொல்லிவிடாதீர்கள். ஆறு வயதிலிருந்து காலை ஐந்தரைக்கு எழுந்த பிள்ளைக்கு, இனி ஐந்தரைக்கு எழ வேண்டாம் என்பது விடுதலை மாதிரி தெரியாது. வீட்டில் ஒருவர் காலமானது மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் துக்கம் விசாரிக்க வேண்டும். அதுவரைக்கும் "இவள்தான் ஸ்டேட் லெவல் பேட்மின்டன்" என்று லிஃப்டில் அறிமுகப்படுத்திய நாம், அதற்குப் பிறகும் அதே பெருமையோடு அவள் பெயரை மட்டும் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும்.

மூன்று, சோர்ந்துபோன பிள்ளைக்கு நாமே எல்லா மருந்தும் ஆகிவிட முடியாது. பேசாமல் ஒடுங்கிப்போனால், சாப்பாடும் தூக்கமும் மாறிப்போனால், "எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அதைக் கோபமாகவோ சோம்பலாகவோ எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலுக்குப் போகிற மாதிரி போங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. இலவசம், எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். லிஃப்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் தண்ணீர் லாரிக்காரர் எண்ணும் பிளம்பர் எண்ணும் ஒட்டியிருக்கிறோம். இந்த எண்ணையும் ஒட்டலாம் என்று சங்கத்தை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். செயலாளர் தலையை ஆட்டுகிறார், நன்றி.

இனி பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை.

கண்ணுகளா, ஜோடி ஸ்கேட்டிங்கில் மேலே இருக்கிறவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். கீழே இருக்கிறவருடைய கை நடுங்கினால் ஆட்டமே இல்லை. இன்றைக்கு ரிலேயிலும் கயிறு இழுத்தலிலும் உங்களுக்கு அது தெரிந்திருக்கும். நீங்கள் மேலே இருக்கும்போது கீழே தாங்குகிறவரை மறக்காதீர்கள். நீங்கள் தாங்குகிற முறை வரும்போது கையை விடாதீர்கள். உங்களில் யாராவது விளையாட்டில் விழுந்தாலும் மனதில் விழுந்தாலும், கூட ஆடுகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேறு மொழி பேசுகிறவராக இருந்தாலும் சொல்லுங்கள். காத்யாவும் ஹார்லியும் பொதுவான மொழியே இல்லாமல் ஆரம்பித்துத்தான் உலகப் பட்டம் வாங்கினார்கள். அந்த இரண்டு பட்டங்களும் நிஜம், அந்தச் சந்தோஷமும் நிஜம். அதையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோ, பரிசு வாங்கப்போகிறீர்கள். வாங்கிக்கொண்டு கீழே இறங்கியதும் அம்மா அப்பா பக்கத்தில் போய் உட்காருவீர்கள். பெற்றோரே, அதுதான் நம் வீட்டு 'கிஸ் அண்ட் க்ரை'. பரிசு வாங்காத பிள்ளையும் அதே நாற்காலிக்குத்தான் வரும். நம் பெஞ்சில் கேமரா இல்லை. அடுத்த ஜோடிக்காக யாரும் நம்மை எழுப்பவும் போவதில்லை. கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருங்கள்.

சமோசா ஆறிவிடும் என்று பின்னாலிருந்து சைகை வருகிறது.